டிக்கெட் போடாமல் இறக்கிய பாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு சினிமாவுக்குப் பின்னணி இசை போட முடியுமா என்று தம்பிமார்கள் கேட்கிறார்கள். முடியும். நான் போட்டேன். ஒரு மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகத்தில் வரும் 71 இசைத் துண்டுகளில் 46 துண்டுகள் என் வீட்டுப் பின்கட்டு அறையில், சின்னக் காற்றாடி ஒன்று கடகடவென்று சுற்ற, ராத்திரி பத்து மணிக்கு மேல் பிறந்தவை. படம் வெளிவந்தபோது ‘இசை’ என்ற இடத்தில் என் பெயர் இல்லை. கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில், சாப்பாடு போட்ட அக்காவுக்கும் வேன் வாடகைக்குக் கொடுத்தவருக்கும் நடுவில் இருந்தது. அதுவும் எழுத்துப் பிழையோடு. யார் மானத்தையும் வாங்க இதை எழுதவில்லை. படத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப்போவதும் இல்லை. எனக்கு முன்கூட்டியே ஒருத்தர் சொல்லியிருந்தால் ஒன்றரை வருஷமும் சில ஆயிரம் வெள்ளியும் (ரிங்கிட்) மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெட்கக்கேடே அதில்தான் இருக்கிறது. பகலில் நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் இடத்தில் கிராணி, அதாவது எழுத்தர். பழக்குலை ஏற்றிய லோரி வரும், எடைப்பாலத்தில் ஏறி நிற்கும், எடை எடுப்பேன். உள்ளே போய் இறக்கிவிட்டுக் காலியாக வரும், மறுபடி எடை எடுப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம். டிக்கெட் அடித்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. பன்னிரண்டு வருஷமாக ஒரு லோரியைக்கூட டிக்கெட் இல்லாமல் விட்டதில்லை. மாமா மகன் லோரி என்றாலும் விட்டதில்லை. என் பாட்டி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, அது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறினால்தான் அன்றைக்குச் சம்பளம். ஒருமுறை கிராணி பாட்டிக்கு அரைநாள் என்று எழுதிவிட்டாராம். பாட்டி பால்வாளியை ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு, அதைத் திருத்தும்வரை, சாயங்காலம் ஆகியும் நகரவில்லையாம். அந்தப் பாட்டியின் பேரன்தான் நான்.

முதல் பாகம் இங்கே நன்றாகவே ஓடியது. ஆலமரப் பொந்துக்குள் நுழையும் ஒரு பெண், அந்தப் பக்கம் வேறோர் உலகம் என்று கதை. அதற்கு இசை போட்டவர் கோலாலம்பூர்ப் பக்கம் இருக்கும் மூத்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண மேடைகளில் கீபோர்ட் வாசிக்கப் போன காலத்துப் பழக்கம். இரண்டாம் பாகம் தொடங்கியபோது அவர் கையில் ஏற்கெனவே இரண்டு தொலைக்காட்சி நாடகங்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன், ஃபோன் வந்தது. “தம்பி, எனக்கு கை பத்தல. பாதி நீ பாரு. மொத்தம் 24,000, ஆளுக்குப் பாதி. பேரும் சேர்த்துப் போட்டுக்கலாம் லா.” நான் சொன்னது நாலே வார்த்தை: “அண்ணே, நீங்க சொன்னா சரி.” ரொட்டி சானாய்க்குக் காசு கொடுக்கும்போது கடைக்காரரிடம்கூட அதைவிடக் கூடுதலாகப் பேசியிருப்பேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவரிடம் ஒப்பந்தம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் இருந்தது. ஒப்பந்தம் என்ற சொல்லே வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் வாட்சாப்பில், “அண்ணே, காலையில பேசினது எனக்கு மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெக்கிறேன்: என் பங்கு 12,000 வெள்ளி, டைட்டில்ல பேர் இந்த மாதிரி வரும், நான் செய்யப்போறது இந்தத் துண்டுகள், சரிதானேண்ணே?” என்று அனுப்பியிருக்கலாம். அவர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தால்கூட அது டிக்கெட். பதில் வராவிட்டாலும் ஒரு விஷயம் புரிந்திருக்கும்.

தொடர்ச்சிப் படத்துக்கு இசை போடுவதில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. புதுப் படம் என்றால் யார் போட்டது என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்து மெட்டு வந்தே ஆகவேண்டும். மாய உலகக் கதையாக இருந்தால் இன்னும் அதிகம். அங்கே ஆட்களுக்கு மட்டுமா மெட்டு? ஊருக்கு, வாளுக்கு, பொந்தின் வாசலுக்குக்கூட உண்டு. அந்த ஐந்து சுரம் காதில் விழுந்தால்தான் வாசல் திறக்கப் போகிறது என்று பார்ப்பவருக்குப் புல்லரிக்கும். அண்ணன் முதல் பாகத்தில் அந்தப் பெண்ணுக்கு மோகன ராகத்தில் ஒரு மெட்டுப் போட்டிருந்தார். துள்ளலான மெட்டு, இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். இரண்டாம் பாகத்தில் அவள் தாயை இழக்கிறாள். அந்தக் காட்சிக்கு என்ன செய்வது என்று மூன்று ராத்திரி முட்டி மோதிவிட்டு, காந்தாரம் என்ற சுரத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கினேன். மோகனத்தின் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமானால் சிவரஞ்சனி. ஒரே ஒரு சுரம்தான். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே அழ ஆரம்பித்துவிட்டது. நாலு எண்ணிக்கையில் ஓடியதை ஏழுக்கு மாற்றினேன், ஒரு வீணை, அடியில் செல்லோ, வேறொன்றும் இல்லை. இப்போது இந்த மெட்டு யாருடையது? எலும்பு அவருடையது, சதை என்னுடையது என்பேன் நான். அப்போது இந்தக் கேள்வியையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காததுதான் பின்னால் அவருக்கு வசதியாகப் போயிற்று. சண்டை வந்தபோது அவர் முதலில் தூக்கிப் போட்ட கல்லே இந்த மெட்டுதான்: “என் மெட்டை வாசிச்சிட்டு உன் பேரைக் கேக்கிறியே தம்பி.”

இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2002-இல் ஹாரி பாட்டரின் இரண்டாம் படம் வந்தபோது, முதல் படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸுக்கு நேரம் போதவில்லை, ஸ்பீல்பெர்க்கின் படம் ஒன்று கையில் இருந்தது. அவர் எழுதிய மெட்டுகளைப் புதுக் காட்சிகளுக்குப் பொருத்தி, இசைக்குழுவை நடத்தியவர் வில்லியம் ராஸ். படத்தில் இசை என்று வில்லியம்ஸ் பெயரும், தழுவி நடத்தியவர் என்று ராஸ் பெயரும் தனித்தனியாகவே வந்தன. யாருக்கும் குறைவில்லை. நம் பக்கத்திலும் இந்தப் பிரிப்பு புதிதல்ல. 2014-இல் வந்த ‘அரண்மனை’யில் பாடல்களுக்கு பரத்வாஜ், பின்னணி இசைக்குக் கார்த்திக் ராஜா. ஆக, “பேர் போடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் “என்ன பேர், எந்த இடத்தில்?” என்று கேட்க வேண்டும். இசை என்பது ஒன்று. பின்னணி இசை வேறு. கூடுதல் இசை வேறு, தழுவல் வேறு, இசைக்கோர்ப்பு வேறு. கீபோர்ட் புரோகிராமிங் என்று போட்டால் நீங்கள் கருவியை இயக்கியவர், படைத்தவர் இல்லை என்று அர்த்தம். நன்றி என்று போட்டால் நீங்கள் காடியை, அதாவது காரை, கடன் கொடுத்தவராகக்கூட இருக்கலாம்.

எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில் புதிதாக ஒரு நாக உலகம். படத்தொகுப்பில் டெம்ப் என்று ஒரு மாதிரி இசையை ஒட்டி அனுப்புவார்கள், இப்படி வேண்டும் என்று காட்ட. டைரக்டர் ஒட்டியிருந்தது மகுடி. அதன் புன்னாகவராளி ராகம் கேட்டால் நம் ஆளுக்குப் பாம்பாட்டிதான் ஞாபகம் வருவார், பயம் எங்கே வரும்? எனக்குத் தோன்றியது உறுமி. திருவிழாவில் உறுமி மேளம் முழங்கக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது வரும் உறுமல் ஒரு மிருகத்தின் மூச்சுதான். எங்கள் ஊர் உறுமி செட்டுப் பையன்கள் ஐந்து பேரை முனீஸ்வரன் கோயில் கொட்டகைக்கு வரச் சொல்லி, இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தேன். மோட்டார் சைக்கிள் போகும், நாய் குரைக்கும், மழை வேறு தகரத்தில் கொட்டும், நிறுத்தி நிறுத்தி எடுத்து முடிக்க ராத்திரி ஒரு மணி. வீட்டுக்கு வந்து ஓர் உறுமலை நாலு மடங்கு மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். என் மனைவி தூக்கத்தில் எழுந்து வந்து, “என்னங்க அது, நிறுத்துங்க” என்றாள். நாகத்தின் குரல் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. அதை வைத்து 11 துண்டுகள் செய்தேன். அவற்றில் அண்ணன் மெட்டு ஒரு சுரம்கூட இல்லை. டைரக்டர் கேட்டுவிட்டு மெய்சிலிர்த்துப் போனாராம். “போனாராம்” என்றுதான் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அவர் பாராட்டியது அண்ணனை.

அறிகுறிகள் எல்லாம் அப்போதே கண்முன்னால் இருந்தன. டைரக்டர் இருந்த வாட்சாப் குழுவில் என்னைச் சேர்க்கவே இல்லை. “நீ நேரா பேசாத, அவரு குழம்பிடுவாரு” என்றார் அண்ணன். துண்டுகளுக்கு வழக்கமாக எண் போடுவார்கள், இரண்டாம் ரீலின் பதினாலாவது இசை என்றால் 2எம்14. அதற்குப் பின்னால் நான் என் இனிஷியலைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு குரல் செய்தி: “ஃபைல்ல இனிஷியல் வேணாம் தம்பி, மிக்சிங்ல குழப்பம்.” எடுத்துவிட்டேன். அடுத்தது, ஒலியை மட்டும் அனுப்பினால் போதாது, முழு புரோஜெக்ட் ஃபைலையும் அனுப்பு என்றார். அனுப்பிவிட்டேன். ஒலிக்கோப்பு என்பது சமைத்த சோறு, புரோஜெக்ட் ஃபைல் என்பது அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாமே. அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு உங்களைக் கூப்பிடவே தேவையில்லை. காசு முழுதும் கைக்கு வரும்வரை கருவி கருவியாகப் பிரித்த ஒலிக்கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனிஷியல் எடுக்கச் சொன்னால் அனுப்பும் பிரதியில் எடுங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு வைத்திருங்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியது நான் சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் விட்ட பழைய ஃபோல்டர்தான், சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

படத்தொகுப்பு முடிந்துவிட்டது, இனி மாறாது என்று சொன்ன பிறகு ஏழு நிமிடம் வெட்டினார்கள். 19 துண்டுகளை மறுபடியும் பொருத்த வேண்டி வந்தது. மூன்று வாரம். பகலில் எடை போடும் வேலை, ராத்திரி இது. ஒருநாள் லோரி ஒன்றின் எண்ணை மாற்றி அடித்துவிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எத்தனை தடவை மாற்றித் தருவேன், அதற்கு மேல் எவ்வளவு என்று முன்பே பேசாததன் பலன்.

காசுக் கணக்கைச் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. பேசியது 12,000. முன்பணமாக 2,000 வந்தது, மிக்சிங் முடிந்து 1,500. தந்தி இசை லைப்ரரி வாங்கியது 1,150. ஹார்ட் டிஸ்க் 320. உறுமிப் பையன்களுக்கு ஆளுக்கு 150 வீதம் 750, நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு 400. கோலாலம்பூருக்கு நாலு முறை போய் வந்த எண்ணெய், டோல் எல்லாம் சேர்த்து 600. மொத்தச் செலவு 3,220. வந்த 3,500-இல் அதைக் கழித்தால் ஏழு மாத ராத்திரிகளுக்கு 280 வெள்ளி. இது போக எட்டுக் கல்யாண வாசிப்புகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், ஒன்றுக்கு 500. ஆகக் கையில் வந்திருக்க வேண்டிய 4,000 போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவி இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்தாள். ஒரு மாதம் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்த முதல் சனிக்கிழமை அம்மா, மனைவி, உறுமிப் பையன்கள் ஐவர் எல்லாருமாக இரண்டு காடியில் ஈப்போவுக்குப் போனோம். நாகம் வந்தபோது தியேட்டரே அமைதியாகிவிட்டது. பையன்களில் சின்னவன் இருட்டில் என் தோளைத் தட்டினான். முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் எழுந்து போக, நாங்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்தே இருந்தோம். இசை, அண்ணன் பெயர். அதற்குக் கீழே ஒலிக்கலவை, வேறு பெயர். நன்றியில் என் பெயர் வந்தபோது அம்மா கைதட்டினார். அவருக்குப் படிக்க வந்தது என் பெயர் மட்டும்தான், அது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது செட்டின் தலைவன் மெதுவாகக் கேட்டான்: “அண்ணே, எங்க செட்டுப் பேரு எங்க வந்துச்சு? நாங்க பாக்கலையா?” என் பெயர் போன கோபத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. அவர்கள் பெயரை நான் அண்ணனுக்கு எழுதி அனுப்பவே இல்லை. கொட்டகையில் வைத்து ஆளுக்கு 150-ஐக் கையில் திணித்தேன், ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதவில்லை. எனக்கு அண்ணன் செய்ததை நான் அவர்களுக்குச் செய்திருக்கிறேன், இன்னும் அடிமாட்டு விலைக்கு.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். ஆறு நிமிடம். அதில் பேசியதை இங்கே எழுத முடியாது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த மூன்று மாதம், பெயர் விஷயத்தைப் பேசப் போனால் அவர் அந்த ஆறு நிமிடத்தைப் பற்றித்தான் பேசினார். நான் பாதிக்கப்பட்டவன் என்பது போய், மூத்தவரைத் திட்டியவன் என்று ஆகிவிட்டது. கோபம் வந்தால் குரலில் கொட்டாமல் தாளில் எழுதுங்கள், ஒருநாள் வைத்திருந்து பிறகு அனுப்புங்கள்.

பிறகு கோலகங்சாரில் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, “பிளேக் என் வைட்டா ஏதாச்சும் இருக்கா?” எழுத்தில் ஒன்றும் இல்லை. அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு நீங்களும் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, அவருக்காக நீங்கள் செய்துகொடுத்த படைப்பின் உரிமை கேட்டவருக்குப் போய்விட்டதாகவே கருதப்படும், வேறு விதமாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய. அதாவது வாய்மூடி இருந்தால் சட்டம் அவர் பக்கம். ஆனால் 25ஆம் பிரிவு வேறு. உங்கள் சம்மதம் இல்லாமல் படைத்தவர் பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரிலோ படைப்பை வெளியிடக் கூடாது என்கிறது அது. உரிமையை விற்றுவிட்டாலும் பெயர் உங்களோடு நிற்கிறது. நான் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன், காசு வாங்கிவிட்டால் பெயர் கேட்கும் தகுதி போய்விட்டது என்று. “சம்மதம் இல்லாமல்” என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்மதம் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. நம் நாட்டு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் படைப்பைத் தானாக முன்வந்து பதிந்துகொள்ளும் வழி ஒன்று 2012 முதல் இருக்கிறது, சத்தியப் பிரமாணத்தோடு கொடுக்க வேண்டும். கட்டாயம் இல்லை, ஆனால் தேதி ஒன்று அரசாங்க ஏட்டில் விழுந்துவிடும். நான் படம் தொடங்குமுன் செய்திருக்க வேண்டியதைப் படம் ஓடி முடிந்தபின் கேள்விப்பட்டேன். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு 600 வெள்ளி.

கடிதத்தைவிட வேலை செய்தது கியூ ஷீட். படத்தில் எந்த இசை, எத்தனை வினாடி, எந்த இடத்தில், யார் எழுதியது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று வரிவரியாகப் போடும் பட்டியல் அது. தொலைக்காட்சியிலும் மற்ற இடங்களிலும் படம் ஓடும்போது வரும் ரோயல்டி, இசைப் படைப்பாளிகளுக்கான எம்ஏசிபி போன்ற அமைப்பு வழியாக யாருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்தத் தாள்தான், திரையில் ஓடும் பெயர் இல்லை. பாட்டியின் செக்ரோலேதான், வேறென்ன. இந்தத் தாளுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’, அதுவும் ஓர் இரண்டாம் பாகம்தான், அதன் கியூ ஷீட்டில் இசையமைத்த ஹான்ஸ் சிம்மர், ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் இருவரோடு இன்னும் மூன்று பேரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஐந்து பேர் இருக்கிறார்களே என்று ஆஸ்கார் குழு முதலில் அந்த இசையைப் போட்டியிலிருந்தே விலக்கியது, பிறகுதான் முடிவை மாற்றிக்கொண்டது. உதவியவர்களின் பெயரை எழுதினால் தனக்கு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் படத் தயாரிப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு எங்கள் படத்தின் கியூ ஷீட்டைக் கேட்டேன். “அது என்னங்க?” என்றார்கள். யாரும் தயாரிக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் தொலைக்காட்சிக்கு விற்கப் போகிறார்கள், அங்கே கேட்பார்கள் என்பதும் தெரியும். எடை போடும் கிராணிக்கு இதைவிட வசமான வேலை ஏது? பழைய ஃபோல்டரைத் திறந்து, 71 துண்டுகளுக்கும் நானே பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், ரீல் எண், என்னிடம் இருக்கும் ஃபைலின் தேதி. அண்ணன் செய்த 25 துண்டுகளை அவர் பெயரிலேயே சுத்தமாக எழுதினேன், பிழை வந்தால் மொத்தமும் சந்தேகத்துக்குப் போய்விடும். அலுவலகத்துக்கும் அண்ணனுக்கும் ஒரே மின்னஞ்சலில், கோபம் ஒரு சொல்கூட இல்லாமல் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அண்ணனே கூப்பிட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் ஸ்டுடியோவும் என்னுடையதைப் போல ஓர் அறைதான், குளிர்சாதனம் மட்டும் கூடுதல். தான் இளைஞனாக இருந்தபோது ஒருவருக்கு நாலு வருஷம் பெயர் இல்லாமல் வாசித்ததைச் சொன்னார். “அப்பெல்லாம் அப்பிடித்தான் தம்பி.” தயாரிப்பாளர் அவர் பெயரைச் சொல்லித்தான் படத்தை விற்றார், அதில் இன்னொரு பெயரைச் சேர்த்தால் தொகை குறையுமோ என்ற பயமும் இருந்திருக்கிறது. அவருக்கும் பேசிய 24,000 முழுதாக வரவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய இடத்திலும் இதெல்லாம் நடக்கும். 2003-இல் வந்த முதல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தில் இசை என்று கிளாஸ் பேடெல்ட் பெயர். வேறு படத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த சிம்மர் முக்கிய மெட்டுகள் பலவற்றைப் போட்டும் இசைத் தயாரிப்பு என்ற இடத்தில் இருந்தார். 2006-இல் இரண்டாம் பாகத்தில்தான் இசை சிம்மர் என்று வந்தது. அங்கே பெரியவர் பெயர் ஒளிந்திருந்தது, இங்கே சின்னவன் பெயர். அண்ணனை எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் அவர் செய்தது தப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

பேசி முடித்தது இதுதான். நாக உலகத்து 11 துண்டுகள் முழுதும் என் பெயரில். அவர் மெட்டை நான் மாற்றிச் செய்த 9 துண்டுகள் அவருக்கு 70, எனக்கு 30. மீதி 26 துண்டுகளை விட்டுக்கொடுத்தேன். நியாயமா என்றால் இல்லை. ஆனால் அதற்குமேல் இழுக்க எனக்குத் தெம்பில்லை. தொலைக்காட்சிப் பிரதியில் ‘கூடுதல் இசை’ என்று தனி அட்டையில் பெயர், இந்த முறை பிழையில்லாமல். தியேட்டர் பிரதி போனது போனதுதான். கூடுதலாக 2,000 வெள்ளி கொடுத்தார். வழக்கறிஞர் செலவைக் கழித்தால் எல்லாம் சேர்த்து 1,680 வெள்ளி என் கையில் நின்றது. குளிர்பதனப் பெட்டித் தாளில் மனைவி அதையும் எழுதினாள், பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

சிவரஞ்சனிக்கு 30 வாங்கியது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். மோகனம் இல்லாமல் அது இல்லை. அந்த ஒரு காந்தாரத்தை இறக்கியிருக்காவிட்டால் அந்தக் காட்சியும் இல்லை. பங்கு பிரிப்பதற்கு எண் தேவை, ஆனால் இசை எண்ணில் பிரியாது. அதனால்தான் காட்சிகளைப் பார்த்து, எங்கே இசை வரவேண்டும் என்று முடிவு செய்யும் அன்றைக்கே, ஒரு சுரமும் வாசிக்குமுன், பழைய மெட்டு வரும் துண்டுகள் இவை, புதிது இவை, இதற்கு இவ்வளவு என்று பேசிவிட வேண்டும். வேலை முடிந்தபின் பேசினால் இருவருக்கும் தன் பங்குதான் பெரிதாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மூன்றாம் பாகம் எடுக்கிறார்களாம். நாகம் மறுபடி வருகிறதாம். போன மாதம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, அந்த இசையைப் பயன்படுத்த யாரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். கியூ ஷீட்டில் என் பெயரைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு தாள் அச்சடித்துக்கொண்டு முனீஸ்வரன் கோயில் கொட்டகைக்குப் போனேன். பதிவு செய்த தேதி, வாசித்தவர்கள் ஐவர், செட்டின் பெயர், மறுபடி பயன்படுத்தினால் இவ்வளவு என்று எழுதியிருந்தேன். செட்டுத் தலைவன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்தான். பேனாவை நீட்டினேன். வாங்கியவன் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து பெயர்களில் மூன்றாவதை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினான். “அவன் பேர்ல சின்ன ‘ர’ணே, பெரிய ‘ற’ இல்ல.” வீட்டுக்குப் போய் மறுபடி அச்சடித்துக்கொண்டு வந்தேன்.